வேலூர்ல யூனிவர்சிட்டி இவ்வளவு வளர்ந்தும் டவுன் கடைத்தெருவுக்கு ஏன் ஒண்ணும் வரல?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். மேலோட்டமா நீங்க கேட்டது, காட்பாடியில வி.ஐ.டி. இவ்வளவு பெருசா ஆகியும் இந்தப் பக்கம் டவுன் கடைத்தெருவுக்கு அதுல ஒரு பங்கு ஏன் வரலன்னு. ஆனா கடைசி வரியில போறபோக்குல ஒண்ணு போட்டிருக்கீங்க பாருங்க, காந்தி ரோட்டுக்குப் பின்னாடி சந்துல அப்பா முப்பது வருஷமா நடத்துற ஜவுளிக்கடையைக் காலி பண்ணிட்டு காட்பாடி பக்கம் போயிடலாமான்னு, அதுதான் நிஜக் கேள்வி. அந்தப் பல்லாயிரம் பசங்க உங்க அப்பாவுக்குக் கஸ்டமர் ஆவாங்களா மாட்டாங்களா, அவ்வளவுதான். அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போகலாம்தான், ஆனா ஏன்னு சொல்லாம விட்டா நாளைக்கு வேற ஒருத்தர் வந்து "அங்க ரோடு பூரா பசங்க நிக்கறாங்க, போயிடுங்க"ன்னு சொன்னா நீங்க போயிடுவீங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நான் படிச்சது டவுன் பிளானிங். இருபத்தி சொச்சம் வருஷமா இந்தப் பக்கத்துல கடைக் காம்ப்ளெக்ஸுக்கு பிளான் போடறது, அப்ரூவல் வாங்கித் தர்றது, கட்டி முடிச்சதும் மாடி ஏன் வாடகைக்குப் போகலன்னு ஓனர் திட்டறதைக் கேட்டுக்கறது, இதான் பொழப்பு. வியாபாரம் பண்ணினவன் இல்ல, துணி ஒரு மீட்டர் கூட வித்தது கிடையாது. அதனால கட்டடம், ரோடு, வாடகை பத்தி நான் சொல்றதை நம்பலாம், சரக்கு பத்தி சொல்றதை உங்க அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டுக்கங்க.

வெளியூர்க்காரங்களும் படிக்கறதால ஊர் அமைப்பைச் சொல்லிடறேன். வேலூர்னு சொல்றது உண்மையில ரெண்டு ஊர். பாலாத்துக்குத் தெக்க கோட்டை, பழைய பஸ் ஸ்டாண்ட், லாங்கு பஜார், மண்டித் தெரு, காந்தி ரோடு, சி.எம்.சி. ஆஸ்பத்திரி எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு நெருக்கிக்கிட்டு இருக்கற டவுன். ஆத்துக்கு வடக்க காட்பாடி. சென்னைல இருந்து ஜோலார்பேட்டை போற மெயின் லைன் டவுனைத் தொடவே இல்ல, காட்பாடி வழியா போயிடுச்சு, டவுனுக்குக் கிடைச்சது விழுப்புரம் போற லைன்ல கன்டோன்மென்ட் மாதிரி சின்ன ஸ்டேஷன்தான். ரெண்டு ஊரையும் கட்டி வெச்சிருக்கறது ஆத்துப் பாலமும், காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருக்கற 1ஆம் நம்பர், 2ஆம் நம்பர் பஸ்ஸும்தான். அந்த பஸ்ல ஒரு நாள் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் உக்காந்து போய்ப் பாருங்க, உங்க கேள்விக்குப் பாதி பதில் ஜன்னல்லயே தெரியும்.

டவுன் கடைத்தெரு எதுல பொழைக்குதுன்னு முதல்ல பாக்கணும். கிராமத்து ஜனம் ஒரு பங்கு, அதைப் பின்னாடி சொல்றேன். பெரிய பங்கு ஆஸ்பத்திரி. ஐடா ஸ்கடர்ங்கற அமெரிக்க டாக்டரம்மா 1900ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சது, 1918ல பொம்பளைங்களுக்கான மெடிக்கல் ஸ்கூல், அப்புறம் 1942ல காலேஜ், 1947ல இருந்து ஆம்பளைப் பசங்களையும் சேர்த்தாங்க, இதெல்லாம் ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கடைத்தெருவைப் பொறுத்தவரைக்கும் முக்கியமானது என்னன்னா அந்த ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவுல, கோட்டைல இருந்து நடந்து போற தூரத்துல உக்காந்துடுச்சு. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ்னு எங்கெங்கயோ இருந்து ஜனம் ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து காட்பாடியில இறங்கி, ஆட்டோ புடிச்சு இங்க வந்து சேருது.

வந்தவங்க என்ன பண்றாங்க? காத்திருக்காங்க. டாக்டரைப் பாக்கக் காத்திருக்கணும், ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கணும், ஸ்கேன் தேதிக்கு, ஆபரேஷன் தேதிக்கு, ஆபரேஷன் முடிஞ்சு தையல் பிரிக்க. ஒரு நோயாளிக்கு ரெண்டு பேர் கூட வந்திருப்பாங்க, அவங்களுக்குப் பகல் பூரா வேற வேலை கிடையாது. நாலு நாளுன்னு நினைச்சு எடுத்துட்டு வந்த துணி மூணு வாரத்துக்குப் பத்தாது. லாட்ஜ்லயே அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அவங்க ஊர் ருசிக்குச் சமைச்சுக்கறாங்க, அதுக்குக் கடுகெண்ணெய் வேணும், மீன் வேணும், அரிசி வேணும், பக்கெட், மக், கொசுவத்தி, போர்வை, சிம் கார்டு, ஊருக்குப் பேசறதுக்கு ரீசார்ஜ், ரயில் டிக்கெட் போட ஒரு கடை, ரிப்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க ஒரு கடை. எல்லாமே லாட்ஜ்ல இருந்து நடந்து போற தூரத்துல வேணும், ஏன்னா பாஷை தெரியாத ஊர்ல யாரும் பஸ் ஏறி மளிகை வாங்கப் போக மாட்டாங்க. காந்தி ரோட்டுலயும் பாபு ராவ் தெருவுலயும் வங்காளத்துல போர்டு தொங்கறதும், ஆறாங்கிளாஸ் தாண்டாத நம்ம கடைப் பையன் "ஆசுன் தாதா" (வாங்கண்ணே)ன்னு கூப்பிடறதும் இதனாலதான். எந்த சர்க்கார் திட்டமும் போட்டு இந்தக் கடைத்தெருவை உண்டாக்கல. அது காத்திருப்புல வளர்ந்தது.

இப்ப அதே சி.எம்.சி.யோட இன்னொரு பக்கத்தைப் பாருங்க, எனக்கு இதுதான் இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம். ஆஸ்பத்திரி டவுன்ல இருக்கு, ஆனா மெடிக்கல் காலேஜ் வளாகம் 1930கள்லயே ஆறேழு கிலோமீட்டர் தள்ளி பாகாயத்துக்குப் போயிடுச்சு. நிர்வாகம் ஒண்ணு, பேரு ஒண்ணு, தொண்ணூறு வருஷம் ஆச்சு. பாகாயத்துல போய் நின்னு பாருங்க. மரம் இருக்கு, மலை இருக்கு, அமைதியா இருக்கு, டீக்கடை, பேக்கரி, நாலு ஓட்டல், கொஞ்சம் மளிகை. காந்தி ரோடு மாதிரி ஒரு கடைத்தெரு அங்க வரவே இல்ல. நம்ம தொழில்ல இந்த மாதிரி ஒப்பிட்டுப் பாக்க ஒரு ஜோடி கிடைக்கறது ரொம்ப அபூர்வம், ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஒரே காலம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம் காலேஜ் ஒரு பக்கம். படிக்க வந்தவங்க கேட்டுக்குள்ளயே சாப்பிட்டு, கேட்டுக்குள்ளயே தூங்கி, டைம்டேபிள் போட்டு வாழறாங்க. வைத்தியத்துக்கு வந்தவங்க வீதியில இருக்காங்க. தலை எண்ணிக்கையை விட இதுதான் பெருசு, கேட்டைத் தாண்டி வெளிய வர்ற ஆளுக்கு உள்ள எது கிடைக்கல, அவன் நடந்து வர்றானா, அவன் கையில எத்தனை மணி நேரம் சும்மா இருக்கு.

இதை மனசுல வெச்சுக்கிட்டு வி.ஐ.டி.க்கு வாங்க. 1984ல வேலூர் இன்ஜினியரிங் காலேஜ்னு 180 பசங்களோட ஆரம்பிச்சாங்க. அப்ப படிச்சவங்ககிட்ட பேசினா சினிமாவுக்கு டவுன், புத்தகத்துக்கு டவுன், டிராஃப்டருக்கும் சார்ட்டுக்கும் டவுன், செருப்பு அறுந்தா தைக்கக் கூட டவுன்னு சொல்வாங்க. 2001ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு, அதுக்கப்புறம் நடந்த வளர்ச்சி உங்களுக்கே தெரியும், மாடி மாடியா ஹாஸ்டல், எல்லா மாநிலத்துப் பசங்க. வளர வளர டவுனோட இருந்த தொடர்பு குறைஞ்சதுதான் வேடிக்கை. சின்ன காலேஜால எல்லாத்தையும் உள்ள வெச்சுக்க முடியாது, அதனால பசங்க வெளிய வருவாங்க. பெரிய வளாகத்துக்குள்ள பேங்கு, கேன்டீன், ஜூஸ் கடை, ஸ்டேஷனரி, சலூன்னு ஒவ்வொண்ணா வந்துடும், ஏன்னா இப்ப உள்ளயே ஒரு கடைக்குத் தேவையான கூட்டம் இருக்கு. அப்புறம் ஹாஸ்டல் பசங்களுக்கு வெளிய போற நேரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கு, மாலையில கிடைக்கற ரெண்டு மணி நேரத்துல ஆத்தைத் தாண்டி டவுனுக்கு வந்து திரும்பணும்னா டிராஃபிக்லயே பாதி போயிடும். மிச்சத்தை போன் பாத்துக்குது. கேட்டுக்கிட்ட டெலிவரி பார்சல் குவிஞ்சு கிடக்கறதை நீங்களே பாத்திருப்பீங்க. லீவு விட்டா சென்னையோ பெங்களூரோ, ரெண்டுக்கும் ரயில் ஏறறது காட்பாடியில, டவுனை மிதிக்கவே வேணாம்.

அதனால "யூனிவர்சிட்டி வளர்ந்தும் டவுனுக்கு ஏன் வரல"ங்கற கேள்வியையே நான் கொஞ்சம் திருப்பிப் போடுவேன். வளர்ந்ததாலதான் வரல. இது எனக்கு உறுதியாத் தெரிஞ்ச பகுதி. இதுல யாரையும் குத்தம் சொல்லவும் இல்ல, அத்தனை பசங்களை வெச்சு நடத்தற இடம் வேற எப்படி நடத்தும்.

இன்னொரு உதாரணம் வேணும்னா திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2002ல ஆரம்பிச்சப்ப வேலூர்க் கோட்டைக்குள்ளதான் இருந்துச்சு, வாசல்ல இறங்கினா பழைய பஸ் ஸ்டாண்ட். அப்புறம் ஊருக்கு வெளிய சேர்க்காட்டுக்குப் போயிடுச்சு. கோட்டைல இருந்தப்ப சர்ட்டிஃபிகேட் வாங்க வந்த பையனும் அவங்க அப்பாவும் வேலை முடிச்சுட்டு அப்படியே பஜார்ல ஏதாவது வாங்கிட்டுப் போவாங்க. இப்ப வந்த பஸ்லயே திரும்பறாங்க. ஊரீஸ் காலேஜ் மட்டும்தான் நூறு வருஷத்துக்கு மேல ஆபீசர்ஸ் லைன்லயே நின்னுக்கிட்டு இருக்கு, அந்தப் பசங்க பஸ் மாறி வர்றவங்க, கையில காசு கம்மி, ஆனா தினமும் டவுன்ல நடக்கறவங்க. ஒரு டீக்கடைக்காரர்கிட்ட கேட்டா அவருக்கு எந்தக் காலேஜ் பெருசுன்னு சொல்லுவாரு.

சரி, துணிக்கு வருவோம். காலேஜ் பசங்க துணியே வாங்க மாட்டாங்களான்னா வாங்குவாங்க, உங்க அப்பா வெச்சிருக்கற துணியை வாங்க மாட்டாங்க. நான் பாத்த வரைக்கும் அந்த வட்டாரத்துல கடைல போய் வாங்கற துணி ரெண்டே சமயம்தான். ஒண்ணு கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், டை, பெல்ட், அதுவும் நாளைக்குக் காலையில வேணும்னு இன்னைக்கு ராத்திரி ஓடி வருவான், பேன்ட் நீளம் குறைக்க டெய்லர் அங்கயே இருக்கணும். இன்னொண்ணு பொங்கல் சமயத்துலயும் எத்னிக் டேக்கும் வேட்டி, சேலை, குர்தா, ஒரு நாள் கட்டிட்டு ஃபோட்டோ எடுத்துட்டு மடிச்சு வெச்சுடுவாங்க, அதனால விலை குறைச்சலா இருக்கணும். மீதி ஜீன்ஸ், டி-ஷர்ட் எல்லாம் போன்ல. உங்க கடைல என்ன ஓடுது? நைட்டி, லுங்கி, துண்டு, போர்வை, பெட்ஷீட், குழந்தைத் துணி, அப்புறம் ஊருக்குத் திரும்பறதுக்கு முந்தின நாள் வங்காளத்து அம்மாமார் நாலஞ்சு பேர் சேர்ந்து வந்து அக்கம்பக்கத்துக்குக் குடுக்க வாங்கற சேலை, சரியா? அந்தச் சரக்கோட காட்பாடிக்குப் போனா அங்க குடியிருக்கற குடும்பங்கதான் கஸ்டமர், அவங்களுக்கு ஏற்கனவே அங்க கடை இருக்கு. போர்டு பழசு, தொழில் புதுசுங்கற மாதிரிதான் ஆகும்.

காட்பாடி பக்கம் எது ஓடுதுன்னு கேட்டா சாப்பாடு, ஜூஸ், பிரியாணி, பிரின்ட் அவுட், பைண்டிங், மொபைல் ரிப்பேர், பைக் சர்வீஸ், சலூன், வெளியில ரூம் எடுத்துத் தங்கறவங்களுக்கு மெத்தை, ஃபேன் வாடகை, செகண்ட் ஹேண்ட் சைக்கிள். எல்லாம் சின்ன இடம், தரைத்தளம், கேட்ல இருந்து நடக்கற தூரம். நானூறு ஐநூறு மீட்டர் தாண்டினா நடக்கற கூட்டம் சட்டுனு தேயும், இது எந்த ஊருக்கும் பொருந்தும். ஒரு ஓனர் பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி அந்தப் பக்கம் மெயின் ரோட்டுல மூணு மாடிக் காம்ப்ளெக்ஸ் கட்டணும்னு வந்தாரு, மாடிக்கு நாலஞ்சு கடைன்னு போதும்னேன், இல்ல, பசங்க வருவாங்க, நிறையப் போடுங்கன்னாரு. நான் தான் பிளான் போட்டேன், அந்தத் தப்புல எனக்கும் பங்கு உண்டு. தரைத்தளம் மூணே மாசத்துல போயிடுச்சு. முதல் மாடியில ஒரு கோச்சிங் சென்டரும் ஒரு ஜிம்மும் வந்து போச்சு. ரெண்டாவது மாடியில இன்னைக்கும் புறாதான் வாடகை தராம குடியிருக்கு. கடைசியில தடுப்பை எல்லாம் இடிச்சுட்டு பி.ஜி. (பசங்க தங்கற தனியார் விடுதி) ஆக்கலாமான்னு கேக்கறாரு, பாத்ரூம் லைன் எங்க கொண்டு போறதுன்னு ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருக்கோம்.

காலண்டரையும் யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்கறாங்க. காலேஜ் வாசல் கடைக்கு வருஷம்னா பன்னெண்டு மாசம் கிடையாது, செமஸ்டர் லீவு, டிசம்பர் லீவு எல்லாம் கழிச்சா எட்டு ஒன்பது மாசம்தான் நல்ல வியாபாரம், வாடகை மட்டும் பன்னெண்டு மாசத்துக்கும். ஆஸ்பத்திரிக்கு லீவு கிடையாது. பண்டிகை சமயத்துல கொஞ்சம் குறையும், துர்கா பூஜைக்கு வங்காளத்துக்காரங்க ஊருக்குப் போயிடுவாங்க, அவ்வளவுதான்.

வரி விஷயத்துல கூட ரெண்டு கூட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் வந்திருக்கு. 2024 ஜூன்ல ஜி.எஸ்.டி. கவுன்சில், காலேஜுக்கு வெளிய இருக்கற ஹாஸ்டல், பி.ஜி.ல ஒரு ஆளுக்கு மாசம் 20,000 ரூபாய் வரைக்கும், தொடர்ந்து 90 நாளாவது தங்கினா வரி கிடையாதுன்னு முடிவு பண்ணுச்சு. மாணவனுக்கு அது சரியாப் பொருந்தும். மூணு வாரம் தங்கற நோயாளிக் குடும்பத்துக்குப் பொருந்தாது. ஆயிரம் ரூபாய்க்குக் கீழ இருக்கற லாட்ஜ் ரூமுக்கு அதுவரைக்கும் இருந்த விலக்கை 2022 ஜூலைலயே எடுத்துட்டாங்க. சின்ன லாட்ஜ் நிறைய பதிவு வரம்புக்குள்ள வராததால நேரா அடி விழல, ஆனா இனிமே முதலீடு பண்றவன் எந்தப் பக்கம் சாய்வான்னு இதுல கொஞ்சம் தெரியுது.

இப்ப சந்தேகமான பகுதி. காட்பாடி பக்கம் நிலம் விலை ஏறினதுக்கும் கடை வாடகை ஏறினதுக்கும் யூனிவர்சிட்டிதான் காரணம்னு எல்லாரும் அடிச்சுச் சொல்றாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2008ல வேலூர் மாநகராட்சி ஆச்சு, 2011ல சத்துவாச்சாரியும் காட்பாடி பக்கத்து ஊர்களும் உள்ள வந்துச்சு. காட்பாடி ஜங்ஷன்ல நிக்கற ரயில், சித்தூர் ரோடு, டவுன்ல வீடு கட்ட இடமே இல்லாம ஆத்தைத் தாண்டின குடும்பங்க, ரிட்டயர் ஆகி காந்தி நகர் பக்கம் வீடு கட்டினவங்க, இதெல்லாம் ஒரே காலத்துல நடந்துச்சு. இதுல பசங்களால எவ்வளவு, ரயிலால எவ்வளவுன்னு பிரிக்கறது என் மாதிரி ஆளால ஆகாது. யூனிவர்சிட்டி இல்லாட்டியும் காட்பாடி வளர்ந்திருக்கும், இவ்வளவு வேகமா இல்லாம இருந்திருக்கலாம், இது என் கணிப்பு மட்டும்தான்.

காலேஜை டவுனுக்கு நடுவுல கொண்டு வந்தா நிலைமை மாறுமான்னு நீங்க கேக்கலாம். மாறும், ஆனா காலம் ஆகும், காசும் ஆகும். அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்னு ஒரு ஊர், சாயங்காலம் ஆபீஸ் விட்டா டவுன் காலியாப் போற ஊர்னு பேரு. அங்க 2006 மார்ச்ல ஓட்டெடுப்பு நடத்தி, நகராட்சிக் கடன் பத்திரத்துல இருந்து 22 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கி, அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டியோட ஒரு வளாகத்தை டவுனுக்குள்ளயே கொண்டு வந்தாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல வகுப்பு ஆரம்பம், 2008ல ஹாஸ்டல், அந்த வருஷக் கடைசியில டிராம் மாதிரி ஓடற ரயில். மதில் சுவர் கிடையாது, ஒரு வகுப்புல இருந்து இன்னொரு வகுப்புக்குப் போகணும்னா ரோட்டைத்தான் தாண்டணும். காபிக் கடையும் சாப்பாட்டுக் கடையும் சீக்கிரம் வந்துச்சு. ஆனா அந்த டவுனுக்கு ஒரு முழு சூப்பர் மார்க்கெட் வந்தது 2019ல, பதிமூணு வருஷம் கழிச்சு, அதுவும் சுத்தி நிறைய அடுக்குமாடி வீடு வந்ததுக்கப்புறம். ரோட்டுல நடக்கற மாதிரி பசங்களை விட்டாலே முதல்ல வர்றது தின்பண்டம்தான், சாமான் வாங்கற கடை குடும்பம் குடியேறினாத்தான் வரும். அது அமெரிக்கா, இங்க அந்த மாதிரி ஓட்டெடுப்பும் கிடையாது, அந்தக் காசும் கிடையாது, ஆனா இந்த ஒரு வரிசை மட்டும் எனக்கு நம்ம ஊருக்கும் பொருந்தும்னு தோணுது.

உங்க அப்பா கடைக்கு உண்மையில கவலைப்பட வேண்டிய விஷயம் வேற இருக்கு, நீங்க காட்பாடியைப் பாத்துக்கிட்டு இருக்கறதால அதைப் பாக்கலன்னு நினைக்கிறேன். 2022ல சி.எம்.சி.யோட ராணிப்பேட்டை வளாகம் திறந்தாங்க, கன்னிகாபுரத்துல, சென்னை பெங்களூரு ஹைவே மேல. ட்ராமா, நியூரோ, கார்டியாலஜி மாதிரி பெரிய வைத்தியம் எல்லாம் அங்க போயிருக்கு. இதய ஆபரேஷனுக்கும் மூளை ஆபரேஷனுக்கும் வர்றவங்கதான் அதிக நாள் தங்கறவங்க, அதிக நாள் காத்திருக்கறவங்க. அவங்க இப்ப அங்க தங்கறாங்க, அந்தப் பக்கம் லாட்ஜும் மெஸ்ஸும் முளைக்க ஆரம்பிச்சாச்சு. காத்திருப்புல பொழைக்கற கடைத்தெருவுல இருந்து காத்திருக்கறவங்களை எடுத்தா என்ன ஆகும்? டவுன் ஆஸ்பத்திரி மூடப் போறதில்ல, இன்னும் காலையில ஓ.பி. கூட்டத்துல ரோடு தாண்ட முடியறதில்ல, ஆனா ஓ.பி. பாத்துட்டு மறுநாள் ரயில் ஏறறவங்க போர்வை வாங்க மாட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல பங்களாதேஷ் கலவரத்துக்கப்புறம் விசா குடுக்கறதையும் ரொம்பக் குறைச்சாங்க, அந்த வருஷம் காந்தி ரோட்டுல பாதி லாட்ஜ்காரங்க முகத்துலயே அது தெரிஞ்சது. 2020 லாக்டவுன்ல ரயில் நின்னப்ப பாத்தோமே, ஊருக்குப் போக முடியாம லாட்ஜ்ல மாட்டிக்கிட்ட ஜனத்தை சிறப்பு ரயில் விட்டு அனுப்பினதுக்கப்புறம் அந்தத் தெரு எப்படி இருந்துச்சு, நாய் கூட இல்ல.

இன்னொண்ணு கிராமத்து ஜனம். அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி, ஊசூர் பக்கத்துல இருந்து கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் துணி எடுக்க வர்றவங்க. ஒரு காலத்துல பழைய பஸ் ஸ்டாண்ட்ல இறங்கினா லாங்கு பஜார் வழியாத்தான் எங்கயும் போகணும். இப்ப அவங்கள்ல பாதிப் பேர் பைக்லயும் வேன்லயும் வர்றாங்க, வண்டி நிறுத்த இடம் கேக்கறாங்க, ஏ.சி. ஷோரூம்ல ஒரே கூரைக்குக் கீழ பாட்டி சேலையில இருந்து பாப்பா கவுன் வரைக்கும் எடுத்துட்டுப் போயிடறாங்க. பழைய பஜார்ல பார்க்கிங் வர வாய்ப்பே இல்ல. மனை எல்லாம் பத்தடி பன்னெண்டடி அகலம், நூறடி நீளம், மூணு தலைமுறை பாகப்பிரிவினைல கிழிஞ்சது. சட்டத்துல இந்த மாதிரி இடத்தைத் தொடர் கட்டடப் பகுதின்னு சொல்லி ரெண்டு பக்கமும் இடம் விடாம கட்ட அனுமதி உண்டு, ஆனா அக்கம்பக்கத்து நாலு மனை ஒண்ணு சேராம ஒரு உருப்படியான பெரிய கடை வராது, நாலு அண்ணன் தம்பி ஒண்ணு சேர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். 2016ல ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல ஊர் பேர் வந்ததும் பஜார் தலையெழுத்தே மாறப் போகுதுன்னு பேசினாங்க. புது பஸ் ஸ்டாண்டைக் கட்டி 2022ல திறந்தாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா அது கிரீன் சர்க்கிள் பக்கம், பஜாருக்கு அது எந்த விதத்துலயும் கூட்டத்தைக் கொண்டு வரல.

தம்பி (உங்க அப்பா வயசை நீங்க சொன்னதால தம்பின்னு கூப்பிடலாம்னு நினைக்கிறேன்), கடையைக் காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாத்துக்கங்க. அது சொந்தக் கடையா வாடகையான்னு நீங்க எழுதல. வாடகைன்னா, முப்பது வருஷத்துக்கு முன்னாடி பேசின வாடகையை அப்பப்ப ஏத்திக்கிட்டு வந்திருப்பாங்க, இன்னைக்கு அதே சந்துல புதுசா எடுக்கறவன் குடுக்கற வாடகையில அது பாதி கூட இருக்காது. 2019 பிப்ரவரியில இருந்து பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய் புதுச் சட்டம் வந்தாச்சு, எழுத்துல ஒப்பந்தம் போட்டு பதிவு பண்ணணும், ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான் வாடகை. ஒரு தடவை சாவியைக் குடுத்துட்டா அந்த இடத்துக்கு அந்த விலையில திரும்பி வர முடியாது. ஒப்பந்தம் இருக்கா, எப்ப முடியுதுன்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க, இதுல நான் சொல்றதை மட்டும் நம்பிடாதீங்க.

இடம் மாத்தறதை விட சரக்கை மாத்தறதுதான் செலவு கம்மின்னு எனக்குப் படுது. ரொம்ப நாள் தங்கறவங்க குறைஞ்சு, வந்துட்டு சட்டுனு போறவங்க அதிகமானா போர்வை, பெட்ஷீட் கொஞ்சம் குறையும், ஊருக்கு வாங்கிட்டுப் போற சேலை நிக்கலாம், ஆரணி பக்கத்துலயே இருக்கு, அதுல விலை குறைஞ்ச பட்டு வகை நல்லாப் போகும்னு ஒரு கடைக்காரர் சொல்லக் கேட்டேன். காட்பாடி ஆசை அப்பவும் விடலன்னா ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க ஒரு டெய்லர் கடையோட பாதி இடத்தை மாச வாடகைக்குப் பேசி, இன்டர்வியூ சட்டை, பேன்ட் மட்டும் வெச்சுப் பாருங்க. அட்வான்ஸ் பெருசாக் குடுத்து மூணு வருஷ அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க, முக்கியமா முதல் மாடிக்கு.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. அப்பாவை ஒரு மாசத்துக்கு பில் புக் ஓரத்துல குறி போடச் சொல்லுங்க. கையில ஆஸ்பத்திரி ஃபைலோட வந்தவங்களுக்கு ஒரு குறி, கிராமத்துல இருந்து வந்தவங்களுக்கு ஒண்ணு, டவுன்லயே இருக்கறவங்களுக்கு ஒண்ணு, காலேஜ் பசங்களுக்கு ஒண்ணு. முப்பது வருஷம் கல்லாவுல உக்காந்தவரு, முகத்தைப் பாத்தே சொல்லிடுவாரு. ஃபைலோட வர்றவங்ககிட்ட மட்டும் எத்தனை நாள் தங்கப் போறீங்க, டவுன் ஆஸ்பத்திரியா ராணிப்பேட்டையான்னு பேச்சோட பேச்சா கேட்டு அதையும் எழுதி வெக்கட்டும். அந்த பில் புக்கோட இங்கயே திரும்ப வந்து எழுதுங்க, அப்ப கடை எங்க இருக்கணும்னு உக்காந்து பேசலாம்.